முதல் கோலுக்குக் கிடைத்த புகை

யார் பக்கமும் சாயாமல் கேட்கக்கூடியவர்கள் இந்த வழக்கைக் கேட்கலாம். மூன்று பையன்கள், ஒரே ஒரு தலைவன் பதவி. மூவருமே நல்ல பிள்ளைகள். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப்பள்ளி. அதன் ஹாக்கி அணியில் பெரியவர்களுக்குத் தெரியாத ஒரு மரியாதை இருந்தது. புதிதாகச் சேர்ந்தவன் போட்டியில் தன் முதல் கோலைப் போட்டால், அன்று சாயங்காலம் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அணி முழுவதும் வட்டமாக உட்காரும். அணித்தலைவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து கோல் போட்டவன் கையில் கொடுப்பான். அவன் இழுத்ததும் அது ஒவ்வொரு கையாகச் சுற்றிவரும். யாரும் யாரையும் மிரட்டியதில்லை. அது பரிசாகத்தான் வந்தது. மிரட்டலாக வந்திருந்தால் பாதிப்பேர் மறுத்திருப்பார்கள்.

அந்த வட்டத்தில் தொடங்கியவர்கள் அந்த வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டாம் பாதி ஆட்டத்தில் ஓடமுடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் புகை நாற்றத்தை உணர்ந்த விளையாட்டு ஆசிரியர் தனபாலன் கறுத்த நுரையீரல் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பையன்கள் பார்த்தார்கள், பயந்தார்கள், அடுத்த கோலுக்கு மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

அந்த ஆண்டு பதினோராம் வகுப்பிலிருந்து மூன்று பேர் அணியில் சேர்ந்தார்கள். இசக்கிராஜ், சுப்பாராஜ், ஜெபசிங். தலைவனாக இருந்தவன் பன்னிரண்டாம் வகுப்பு கணேசபாண்டி.

முதலில் கோல் போட்டது இசக்கிராஜ். கணேசபாண்டி சிகரெட்டை நீட்டியதும் அவன் எழுந்துவிட்டான்.

"எனக்கு வேண்டாம்ணே. எங்கப்பா இருமுறதக் கேட்டுக்கிட்டுத்தான் தினமும் தூங்குறேன்."

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தான். "ஏலே, பால்வாடிப் பிள்ளை வீட்டுக்குப் போகுது, வழி விடுங்கலே!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. அதன்பின் பயிற்சி முடிந்ததும் இசக்கிராஜ் யாரோடும் நிற்பதில்லை. நேராக வீடுதான். அன்று அவன் வாங்காத சிகரெட், பக்கத்திலிருந்தவன் கையிலிருந்து வழக்கம்போலச் சுற்றியது.

அடுத்த போட்டியில் சுப்பாராஜ் கோல் போட்டான். சிகரெட்டை வாங்கினான், வாய்க்குள்ளேயே புகையை வைத்திருந்து வெளியே விட்டான். கைதட்டினார்கள். ஆனால் அது அவனை உறுத்தியது. மறுநாள் ஆசிரியரிடம் போய் இடத்தைச் சொல்லிவிட்டான். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வரும் என்று தெரிந்தேதான் சொன்னான். தனபாலன் கையும் களவுமாகப் பிடித்து, எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிறகு யாரும் போகவில்லை. பழைய ரயில்வே சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் போனார்கள்.

ஜெபசிங்குக்கு மட்டும் கோல் வரவே இல்லை. அரையிறுதியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வந்தது. அந்தக் கோலில்தான் பள்ளி வென்றது. கிட்டங்கிக்குப் பின்னால் கணேசபாண்டி சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினான்.

"வேண்டாம்ணே" என்றான் ஜெபசிங்.

"அப்பக் கிளம்பு."

"நான் எதுக்குக் கிளம்பணும்? கோல் போட்டது நான்தானே?" அவன் காலை மடக்கி இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டான்.

"வாங்க மாட்டேங்கிற. பிறகு கோலுக்கு என்னலே மரியாதை?"

"எப்படிப் போட்டேன்னு கேளுங்கண்ணே. இன்னும் ஒருத்தரும் கேக்கலயே!"

"கேக்க என்ன இருக்கு? பந்து தானா வந்து உன் மட்டையில பட்டுச்சு" என்றான் ஒருவன்.

"தானா பட்டுச்சா? கீப்பர் வலது காலைத் தூக்கினான், அந்தச் சந்துல தள்ளினேன்."

"தூக்கினானா? அவன் தூங்கிட்டு இருந்தாம்லே!"

"நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பைப் பிடிச்சிட்டு நின்ன. உனக்கு என்ன தெரியும்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவன் எழுந்து கீப்பர் மாதிரி நின்று காட்டினான். இன்னொருவன் செங்கல்லைப் பந்தாக வைத்து ஆடிக் காட்டினான். நடுவில் "ஆ!" என்று கத்தியது கணேசபாண்டி. சிகரெட் அவன் விரலைச் சுட்டிருந்தது. அடிவரை எரிந்துபோயிருந்த அதை உதறிவிட்டு, "சரிலே, அந்தச் சந்தை மறுபடியும் காட்டு" என்றான்.

இறுதிப் போட்டியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் முதல் கோலைப் போட்டான். வட்டம் கூடியது. கணேசபாண்டி சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. "எப்படிப் போட்ட? சொல்லு" என்றான்.

ஆண்டு முடிந்தது. கணேசபாண்டி தானாகவே ஆசிரியரிடம் போய், தலைவனாகத் தான் நீட்டியது உட்பட அனைத்தையும் சொன்னான். தனபாலன் அணியைக் கூட்டினார். "இந்தப் பழக்கத்தை நிறுத்தினவன்தான் அடுத்த தலைவன். யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

இசக்கிராஜ்தான், அவன்தான் முதலில் மறுத்தான், ஒரு கணம்கூட நடிக்கவில்லை என்றார்கள் சிலர். சுப்பாராஜ்தான், கெட்ட பெயரைச் சுமந்து உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவனே என்றார்கள் வேறு சிலர். ஜெபசிங்தான் என்றார்கள் மற்றவர்கள். ஜெபசிங்கோ, "இசக்கி மறுத்ததைப் பார்த்ததாலதான் சார் எனக்கும் தைரியம் வந்துச்சு" என்றான். தன் வெற்றியை இன்னொருவனுக்குக் கொடுக்கிற பிள்ளைகள் கிடைத்த அந்த ஊர் கொடுத்துவைத்த ஊர்தான். ஆனாலும் பதவி ஒருவனுக்குத்தான்.

தனபாலன் இடத்தில் நீங்கள் இருந்தால், தலைமையை யாரிடம் கொடுப்பீர்கள்? ஏன்?

விடை: ஜெபசிங்கிடம். புகையின் ருசிக்காக அந்தப் பையன்கள் யாரும் அங்கே உட்காரவில்லை. தங்களையும் சேர்த்துக்கொள்ளும் அந்த வட்டத்துக்காக உட்கார்ந்தார்கள். இசக்கிராஜ் புகையை மறுத்தபோது தன் இடத்தையும் விட்டுவிட்டான். மறுத்தால் தனியாகத்தான் போகவேண்டும் என்ற மற்றவர்களின் பயம் அதனால் உறுதியானது. சுப்பாராஜ் வட்டத்தைக் கலைத்தான். அது வேறிடத்தில் கூடியது. இடத்தை விடாமல் புகையை மட்டும் மறுக்க முடியும் என்று காட்டியவன் ஜெபசிங் ஒருவனே. தனபாலனும் அவன் பெயரைத்தான் சொன்னார். தலைவனானதும் அவன் முதலில் செய்த வேலை, இசக்கிராஜ் வீட்டு வாசலில் போய் நின்றது. "வா, உன் முதல் கோலை நாங்க இன்னும் கேக்கல" என்றான்.