குடியை விட்டது யார்?

"டாக்டரம்மா, குடியை விட்டது நானா, இந்த மெஷினா?"

கொத்தனார் இருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்ததுமே இப்படித்தான் கேட்டார். பல வாரமாக அவர் குடிக்கவில்லை.

டாக்டர் நசீமா, தலையில் காந்தம் வைத்துக் குடிப்பழக்கத்தை நிறுத்த முடியுமா என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர். மெஷின் எவ்வளவு செய்கிறது, ஆள் எவ்வளவு செய்கிறார் என்பது தனக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்றார்.

இருளப்பனுக்கு அது போதவில்லை.

ஊரில் அவருக்குக் காந்த மாப்பிள்ளை என்றே பேர் வைத்துவிட்டார்களாம். கம்பி கட்டுகிற பக்கம் போகாதீங்க, ஒட்டிக்குவீங்க என்று சித்தாள்கள்கூடச் சிரிக்கிறார்களாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மச்சினன் சடையாண்டி வெளியே ஆட்டோவோடு நிற்கிறான். மெஷினை எடுத்த மறுநாளே இந்த ஆள் கடைக்குப் போய்விடுவார், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடு என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டான்.

அந்தத் தங்கச்சி, இருளப்பன் மனைவி பேச்சியம்மா, இடுப்பில் பிள்ளையும் கையில் துணிப்பையுமாகக் கதவருகே நின்றாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் எழுந்தார். அலமாரியைத் திறந்து பிராந்தி பாட்டிலை எடுத்து இருளப்பன் முன்னால் வைத்தார். மூடியைத் திருகி மேசைமேல் போட்டார்.

இருளப்பனுக்கு இது புதுசில்லை. அங்கே வழக்கமே அதுதான். முதலில் வாசனை பிடிக்க வைப்பார்கள். ஆசை தலைக்கேறும். அப்போதுதான் காந்தத்தை வைப்பார்கள்.

வாசனை பிடித்தார். வாய் ஊறியது. கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

டொக் டொக் என்று வரவேண்டிய சத்தம் வரவில்லை.

"மெஷினைப் போடுங்கம்மா."

"உங்களுக்கு மெஷின் வைக்கிறது நேத்தோட முடிஞ்சுது."

இருளப்பன் கண்ணைத் திறந்தார்.

"அப்ப எதுக்கும்மா இதைத் திறந்தீங்க?"

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருளப்பனுக்கு வேர்த்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கை மேசைமேல் போனது.

பேச்சியம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அந்தக் கை மூடியை எடுத்தது. நடுக்கத்தில் பாட்டில் கழுத்தில் மரை சேரவில்லை. வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

வெளியே சடையாண்டிக்குப் பொறுமை இல்லை.

"என்ன தங்கச்சி, மெஷின் ஓடுதா இல்லையா?"

அண்ணனிடம் இதுவரை குரல் உயர்த்தியே பேசாதவள் அவள். துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"மெஷின் சும்மாதாண்ணே இருக்கு," என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எம் புருசன்தான் பாட்டிலை மூடிக்கிட்டு இருக்காரு."