ஆட்டால் முடியாத ஒன்று

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி அயர்லாந்து தேசத்தில் பிளேக்லி துரை என்று ஒரு பெரிய நிலக்காரர் இருந்தார். லண்டன் பாராளுமன்றத்திலும் அவர் மெம்பர். குத்தகைக் குடிகளைத் துரத்திவிட்டு அந்த நிலத்தில் செம்மறி ஆடு வளர்த்தால் லாபம் என்று அவருக்குத் தோன்றியது. கில்டரா கிராமத்து வீடுகளையெல்லாம் மறுநாளே இடிக்க உத்தரவு போட்டார்.

ஊருக்காக மன்றாட ஹனோரா என்ற குடியானவப் பெண் மாளிகைக்குப் போனாள். லண்டன் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த துரை, அவளை வைத்து வேடிக்கை காட்ட நினைத்தார்.

"ஆடு கம்பளி தருகிறது, கறி தருகிறது, எதிர்த்துப் பேசுவதுமில்லை. ஆட்டால் தர முடியாத எதை உங்கள் ஜனங்கள் எனக்குத் தருகிறார்கள்? ஒன்றே ஒன்று சொல், வீடுகளை விட்டுவிடுகிறேன். இவர்களே சாட்சி!"

ஹனோரா பணிவாகக் கேட்டாள்: "துரையவர்களே, பாராளுமன்றத்தில் தாங்கள் யாருடைய பிரதிநிதி?"

"இந்தச் சீமை ஜனங்களுடைய பிரதிநிதி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் துரை.

"அந்தப் பெருமையைத்தான் நாங்கள் தருகிறோம். எங்களைத் துரத்திவிட்டால், இனிமேல் சபையில் எழுந்து தாங்கள் 'ம்மே' என்றுதான் பேச வேண்டியிருக்கும்."

விருந்தாளிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழட்டுப் பிரபு 'ம்மே' என்று கத்தியே காட்டினார். துரையின் முகம் சிவந்துபோயிற்று. அத்தனை சாட்சிகளை வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை எப்படி மாற்றுவார்? உத்தரவை அங்கேயே ரத்து செய்தார்.

ஹனோரா ஓடிவந்து சேதி சொன்னதும், சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அப்புறம் எழுந்து, ஏற்றியதையெல்லாம் இறக்கி, அடுப்பு மூட்டினார்கள்.