அக்கா வீட்டுப் புல்தரை

எங்கள் வீட்டில் ஒரு பெண், மூன்று ஆண். மூளை மொத்தமும் மூத்தவளான இந்திராணி அக்காவுக்கே போய்விட்டது. எங்களுக்கு மீசை வந்தது. அதை நன்றாகத்தான் வளர்த்தோம். புல்லைத்தான் வளர்க்க முடியவில்லை.

அக்கா சென்னையில் வேலையில் இருந்தபடியே எங்கள் ஊர்ப் பக்கம், ஊமச்சிகுளத்துக்கு அப்பால் புது வீடு கட்டியிருந்தாள். வீட்டுக்கு முன்னால் வெறும் செம்மண். அவள் மகள் கயலுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்த சமயம் அது. மாப்பிள்ளையின் அப்பா காசிமாயன், "நிச்சயத்தைப் புல்தரையில வச்சுக்கலாம், எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை" என்று சொல்லிவிட்டார்.

கயலுக்கு இதற்கு முன் வந்த சம்பந்தம் எங்களால்தான் நின்றுபோனது. வந்தவர்களுக்குக் காப்பியை ஆற்றிக் கொடுக்கச் சொன்னாள் அக்கா. நாங்கள் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை அக்கா போனில் கண்டிப்பாகச் சொன்னாள். "டேய், நான் வர்றதுக்குள்ள புல்தரை போட்டு வைங்க. இது கயலு வாழ்க்கைடா. நர்சரில என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யுங்க. சொந்தமா யோசிக்காதீங்க."

சத்தியம் செய்து கொடுத்தோம். யோசிக்காமல் இருப்பதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

நர்சரிக்காரர் சந்தனம் பொறுமையான மனிதர். "மூணு வழி இருக்கு" என்றார். "விதை தூவலாம், மெதுவா வரும். சின்னச் சின்னக் கத்தையா நடலாம், அதுவா பரவிக்கும். இல்லேன்னா வளர்ந்த புல்லையே மண்ணோட பேத்து, பாய் மாதிரி சுருட்டித் தருவோம். விரிச்ச அன்னிக்கே பச்சை. எது வேணும்?"

அங்கேயே உட்கார்ந்து ஆலோசித்தோம்.

"விதைதான் முறை" என்றார் அண்ணன் முத்திருளாண்டி. "நாமெல்லாம் பொறந்துதானே வளர்ந்தோம். வளர்ந்தே வந்து விழுந்தோமா?"

"விதையை நம்பக் கூடாதுண்ணே" என்றான் தம்பி சோணமுத்து. "நம்ம அப்பா ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவரு. நாம வந்து பொறக்கலையா? கத்தையா வாங்குனா மூஞ்சியப் பாத்து வாங்கலாம்."

"பாய்தான் நல்லது" என்றேன் நான். "பிடிக்கலேன்னா சுருட்டி வச்சிரலாம்."

மூன்றும் அசைக்க முடியாத வாதங்கள். சந்தனம் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தும் நாங்கள் முடிக்கவில்லை. கடைசியில் நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

முதலில் அண்ணன் பங்கு. "புறா தின்னாமப் பாத்துக்கங்க. பசியோட திரியும்" என்று சந்தனம் சொல்லியிருந்தார்.

"பசியிருந்தாத்தானே திங்கும்?" என்றார் அண்ணன். "முதல்லயே வயித்தை நிரப்பிட்டா?"

"எதைப் போட்டு நிரப்புறது?"

"எதைத் தின்னு அலுத்துப்போகுதோ அதைத்தான் அப்புறம் தொடாது. விதையையே போடுவோம்."

போட்டோம். புறாக்கள் வந்தன, சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. சாக்கு காலியாகும்வரை அண்ணன் சலிக்காமல் பந்தி பரிமாறினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே ஒரு புறா நம்ம விதையைத் தொடாது" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

அடுத்து என் பங்கு. புல் பாய் ஏற்றிவந்த லாரி, குறுக்கே தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சந்தனம் போனில் சொன்னார். "இறக்குன உடனே விரிச்சிரணும். சுருட்டியே கிடந்தா உள்ளுக்குள்ள வெந்துபோகும்."

இறக்கிய இடம் தார் ரோடு. உடனே விரித்தேன். ஓரங்களை ஒட்டிச் சேர்த்து, காலால் அமுக்கி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தேன். அவ்வளவு அழகான ரோட்டை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பைக்கில் வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டே, "எந்த மந்திரி வர்றாரு?" என்று கேட்டார்.

"மந்திரி இல்ல. எங்க அக்கா வர்றாங்க."

"எந்தக் கட்சி?"

பதில் யோசிப்பதற்குள் ஆடுகள் வந்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் மறுபடி தார் தெரிந்தது.

மிச்சம் இருந்தது தம்பியின் கத்தைகள். அவனுடைய வேலையைக் குறை சொல்ல முடியாது. "கைக்குழந்தை மாதிரி பாத்துக்கணும்" என்று சந்தனம் சொன்னதும் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவன் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது.

தினமும் காலையில் ஒவ்வொரு கத்தைக்கும் பதமான சூட்டில் வெந்நீர் ஊற்றினான். பச்சைத் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும் என்றான். பிறகு சாம்பிராணிப் புகை. பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்த அன்று, புல் நுனியிலெல்லாம் மையைத் தொட்டுத் திருஷ்டிப் பொட்டு வைத்தான். உச்சிவெயிலில் தாலாட்டும் நடந்தது. எதற்கும் மசியாமல் புல் மஞ்சளாகிக்கொண்டே போனது.

மூவரும் குனிந்து பார்த்தோம்.

"மஞ்சக்காமாலை" என்றார் அண்ணன்.

கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து ஊற்றினோம். அத்தோடு அந்தப் பங்கும் முடிந்தது.

அக்கா வந்தாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வெறும் மண்ணைப் பார்த்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னோம். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றோம். அவள் படியில் உட்கார்ந்து, "எம்புள்ள என்னடா பாவம் பண்ணா?" என்று மட்டும் கேட்டாள். குரல் உடைந்துபோயிருந்தது. நாங்கள் மூவரும் அழுதுவிட்டோம். அண்ணன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தனத்தையே வரவழைத்தாள். அவர் ஆட்களே மண்ணைக் கொத்தி, நிரவி, நிலம் முழுவதும் பாய் விரித்தார்கள். எங்களைக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நிற்கவைத்தார்கள். புல் சும்மா ஜம்மென்று பிடித்துக்கொண்டது.

நிச்சயதார்த்தத்தன்று காலை அக்கா எங்களைக் கூப்பிட்டாள். "இன்னிக்குப் புல்லுக்குத் தண்ணி விடாதீங்க. எல்லாரும் உக்காரணும். ஒரு சொட்டு ஈரம் ஆகக் கூடாது. இது ஒண்ணையாவது ஒழுங்காப் பாத்துக்கங்க."

உயிரைக் கொடுத்தாவது பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். தண்ணீர்ச் செம்போடு வந்தவர்களைக்கூட உள்ளே விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், புல்லில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். காசிமாயன் வீட்டம்மா புல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம், சடசடவென்று மழை.

எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நாங்கள் மூவரும் குடைகளை எடுத்துக்கொண்டு புல்லுக்கு ஓடினோம். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, முதுகு நனைய நனைய, புல்லின் மேல் குடை பிடித்தோம். குடைகள் பத்தவில்லை. கடைசியாக எழுந்த காசிமாயன் அப்போதுதான் புல்லில் நின்று தன் குடையை விரித்தார். அண்ணன் பணிவாக அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மன்னிக்கணும் சம்பந்தி. ஒரு சொட்டு ஈரம் ஆகக் கூடாதுன்னு அக்கா உத்தரவு."

பட்டுச் சட்டையில் மழை வழிய அவர் அப்படியே நின்றார். எங்களைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். வாசலில் அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கயல் தூணைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நினைத்தேன்.

காசிமாயன் வாயைத் திறந்தார்.

"என்னப்பா நிக்கிறீங்க? அந்த மூலை பூரா நனையுது, ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கா?"

சொல்லிக்கொண்டே தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவி மூலையில் விரித்துப் பிடித்தார். பிறகு வாசலைப் பார்த்து மகனிடம் சத்தம் போட்டார். "டேய், மாப்பிள்ளைன்னா சும்மா நிப்பியா? சட்டையக் கழட்டிட்டு வாடா!"

மாப்பிள்ளை பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தான். பின்னாலேயே அவன் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் கிடைத்த துணியோடு ஓடிவந்தார்கள்.

வீட்டுக்குள் அக்கா ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டே மறு கையால் காசிமாயன் வீட்டம்மாவோடு தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டாள். கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்கள். கொட்ட ஆள் இல்லை. மேளக்காரர் எங்களோடு நின்று, மேளத்தின் உறையைப் புல்லுக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.