புரோகிராம் பேசும்வரை

ஆசிரியை ஜுலைகாவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் கர்வாலோவுக்கு ஐம்பத்து நான்கு. இது அவர்கள் இருவருக்கும் உறுத்தியதில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் உறுத்தும்.

கர்வாலோ தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கூட்டத்தில் ஜுலைகாவிடம் நிரல் எழுதப் படித்தார். பேச்சு இழந்தவர்களுக்காக ஒரு புரோகிராம் எழுதினார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். வேண்டிய எழுத்து வரும்போது ஒரு விசையைத் தட்டினால் போதும். தட்டி முடித்ததும் கணினி அதை வாசித்துச் சொல்லும்.

நல்ல காரியம்தான். ஆனால் கணினியை இயக்கும் லினக்ஸ் என்பது ஒரே வீடு இல்லை, தெருவுக்குத் தெரு ஒரு வகை. ஒன்றில் சமர்த்தாக ஓடும் மென்பொருள் அடுத்ததில் புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும். அது இல்லை, இது பழசு என்று ஆயிரம் நொட்டை சொல்லும்.

அந்த ஞாயிறு காலை கர்வாலோ உட்காரவே இல்லை. நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், எல்லா லினக்ஸ்லயும் ஓடுறதுக்கு ஒரே ஒரு வழி சொல்லுங்க."

"என்ன அவசரம் சார்?"

"சிவகாசியில ஒரு அம்மா, குருவம்மாள்னு பேரு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஏழு மாசமாப் பேச்சு இல்ல. நினைவெல்லாம் தெளிவு, ஒரு விரல் மட்டும் அசையுது. பள்ளிக்கூடத்துல ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வச்சிருக்காங்க. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். பதினோரு நாளா போன்ல சொல்லிக் குடுக்கேன். ஏற மாட்டேங்குது."

"அது எந்த லினக்ஸ்?"

"கேட்டேன். கறுப்புக் கலர்னு சொல்றாங்க."

ஜுலைகா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அஞ்சு வகைக்கும் தனித்தனியா கட்டி அனுப்பிட்டேன். என் வீட்டுல அஞ்சு கம்ப்யூட்டர்லயும் ஓடுது டீச்சர்!"

"எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஃபைலா குடுங்கன்னு அப்பவே சொன்னேனே?"

"சட்டை ஒண்ணு குடுக்க பீரோவையே தூக்கிட்டுப் போறதா? அது ஒரு முறையா?"

ஜுலைகா தன் மடிக்கணினியைத் திறந்தார். கர்வாலோ எழுதிய நிறுவல் குறிப்பைப் பக்கத்தில் வைத்தார்.

"நான் இன்ஸ்டால் பண்றேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

இரண்டாவது வரியில் வண்டி நின்றது. 'லைப்ரரிகள் (துணை நிரல்கள்) இல்லையென்றால் வழக்கம்போல் போட்டுக்கொள்ளவும்.'

"வழக்கம்போல்," என்று ஜுலைகா வாய்விட்டுப் படித்தார். கூரையைப் பார்த்தார். குறிப்பிலிருந்த கட்டளையை அப்படியே அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி. அவர் அமைதியாக முதல் வரிக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். மூன்று முறை. அந்தக் கணினியில் இருந்த வகை லினக்ஸில் அந்தக் கட்டளைக்கு வேறு பெயர், அவ்வளவுதான் விஷயம். அது ஜுலைகாவுக்குத் தெரியாதா என்ன? தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தார். கர்வாலோ எழுந்தார், உட்கார்ந்தார், கைக்குட்டையைக் கடித்தார். நாற்பது நிமிடம் ஆனது.

"ஒரு வார்த்தை டீச்சர்! ஒரே ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்!"

"பதினோரு நாளா எத்தனை வார்த்தை சொன்னீங்க?"

கர்வாலோ கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"பஸ்ஸைப் பிடிங்க. அந்த அம்மாவுக்குப் பின்னால உக்காருங்க. புரோகிராம் பேசுற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. நீங்க வர்றதை நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

கோவில்பட்டியில் பஸ் மாறி, சிவகாசியில் இறங்கும்போது மணி இரண்டு. வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியை விடாமல் தட்டிக்கொண்டே வந்ததில் முன்னால் இருந்தவர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

"வாங்கண்ணே," என்றார் குருவம்மாள். கர்வாலோ கையெடுத்துக் கும்பிட்டார். கட்டிலில் காளிராஜ் படுத்திருந்தார். கண்கள் மட்டும் வந்தவரைத் தொடர்ந்தன.

"நேத்து வரைக்கும் போன்ல நல்லாத்தானே பேசுனீக? தொண்டை கட்டிருச்சா?"

கர்வாலோ கையை ஆட்டி, கணினியைக் காட்டினார். குருவம்மாள் உட்கார்ந்து, அவர் அனுப்பியதை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். முதல் இரண்டும் அசையவில்லை. மூன்றாவது அழகாகக் கிளம்பியது. கர்வாலோ எட்டிப் பார்த்தார். பாதியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இந்த எடத்துலதாண்ணே. பாஸ்வேர்டு கேக்கும். யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காங்க." வீட்டைக் காப்பாற்றிய நிம்மதியோடு 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். பெட்டி மறைந்தது. "பாத்தீகளா, வரல."

அது பள்ளிக்கூடத்தின் கணினி. அந்தப் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியவும் தெரியாது.

கர்வாலோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினோரு நாளில் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று கேட்டாரே தவிர, திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து தன் மடிக்கணினியைத் திறந்தார். லைப்ரரி, எழுத்துரு, குரல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்ட ஆரம்பித்தார். பீரோவையே தூக்கினார். நிறுவவும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், சொடுக்கினால் ஓடும்.

குருவம்மாள் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தார். ஊர் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான் பதில். கடைசியில் குருவம்மாள் பயந்துபோய்க் கணவரின் முகத்தைப் பார்த்தார். காளிராஜ் கர்வாலோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்குப் பென்டிரைவ் கைமாறியது. குருவம்மாள் இரண்டு முறை சொடுக்கினார். பெட்டி எதுவும் வரவில்லை. எழுத்துகள் ஓடத் தொடங்கின.

விசைப்பலகையைக் காளிராஜின் விரலடியில் வைத்தார்கள். முதல் எழுத்துக்கே பத்து நிமிடம். தவறினார், அழித்தார், மறுபடி தட்டினார். குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஏழு மாதத்துப் பேச்சில் முதலில் எது வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. கர்வாலோவும் திரையைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கணினி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது:

"எனக்கும் பேச்சு ஒரே நாள்லதான் போச்சு. மெஷினை அண்ணனுக்குக் குடு."

புரோகிராம் பேசிவிட்டது, இனி அவர் பேசலாம். கர்வாலோ கட்டிலருகே போய் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.