அழிமடைக்குக் கீழே ஓர் அரண்மனை

கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன். மலைகளெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் மேட்டுநாட்டை மாதினி என்றோர் அரசி ஆண்டாள்.

அந்த நாட்டின் உச்சியில் கடல்போல ஓர் ஏரி. அதன் கரையில் அழிமடை என்றொரு மதகு. அதைத் திறந்தால் போதும், பகைவரான கீழ்நாட்டார் கூண்டோடு மூழ்கிப்போவார்கள். அந்தப் பயத்தில்தான் அவர்கள் படையெடுக்கவில்லை. ஆனால் வெள்ளம் போகும் வழியில் மேட்டுநாட்டின் சொந்த ஊரான கரையடியும் இருந்தது. அதைப் பற்றி அரண்மனையில் யாரும் மூச்சுவிடுவதில்லை.

புதிதாக முடிசூடுபவர் மதகுக்குப் புதுத் தேக்குக்கதவு போடுவது வழக்கம். மாதினி அப்போதுதான் முடிசூடியிருந்தாள். பழைய கதவு உளுத்துவிட்டது. கீழ்நாட்டுப் படையோ எல்லையில் கூடாரம் அடித்துவிட்டது.

அப்போது கரையடிக்காரி சடைச்சி சபைக்கு வந்தாள். “தாயே, கதவு உளுத்தாலும் சாகப்போறது நாங்க, திறந்தாலும் சாகப்போறது நாங்க. நீங்க மட்டும் மேட்டுல தூங்குறது எந்த ஊரு நியாயம்?”

அரசி தன் சபையின் மூன்று பெரியவர்களைப் பார்த்தாள். “கதவைப் புதுப்பிக்கலாமா?”

“கட்டாயம்!” என்றார் தளபதி. “கட்டாயம்!” என்றார் அமைச்சர். “கட்டாயம்!” என்றார் ராஜகுரு.

“அப்படியானால் மூவரும் கரையடிக்குக் குடிவாருங்கள்.”

தளபதியின் மாமியாருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. அமைச்சருக்கு ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாதாம். ராஜகுருவுக்கு நாள் நல்லதாக இல்லையாம். எனக்குச் சிரிப்பு வருகிறது, அரசிக்கு வரவில்லை.

“நாட்டை வெறுங்கையோடு நிற்க விடமாட்டேன். கதவு புதிதாக ஏறும். ஆனால் இன்றுமுதல் அரண்மனை கரையடியில்தான். என் பிள்ளையின் தொட்டிலும் அங்கேதான் ஆடும். வராதவர் பதவியை வைத்துவிட்டுப் போகலாம்.”

மூவரும் முனகிக்கொண்டே குடும்பத்தோடு வந்தார்கள். கதவும் ஏறியது.

கீழ்நாட்டு ராஜா படையோடு எல்லையைத் தாண்டவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. எல்லையில் மேய்ந்த மேட்டுநாட்டு மந்தையை ஓட்டிப்போனான். பாதையை மறித்தான். தூதனை அவமானப்படுத்தினான். முன்பென்றால், “திற மடையை!” என்று முதலில் கத்துகிறவர் தளபதிதான். இப்போது ஒவ்வொரு முறையும் தலைக்குமேல் நிற்கும் ஏரிக்கரையைப் பார்த்தார்; முற்றத்தில் விளையாடும் பேத்தியைப் பார்த்தார். மூன்றாம் முறை எழுந்து, “நானே போய்ப் பேசுகிறேன், அரசி” என்றார்.

போனார். தொண்டை கட்டும்வரை பேசினார். மந்தை திரும்பியது, பாதை திறந்தது, கூடாரங்கள் கிளம்பின. கரையடி அன்று நிம்மதியாகத் தூங்கியது. அரசியும் அங்கேதான் தூங்கினாள்.

ஆகவே, நாட்டைக் காக்கப் பேரழிவை வைத்திருப்பவர்கள், அது பாய்ந்தால் முதலில் தாங்களே அழியும் இடத்தில் இருந்துதான் அதைக் காக்க வேண்டும்.