குடுமி வளரும் வரை

மங்கோலியாவிலிருந்து ஜப்பானுக்குச் சுமோ மல்யுத்தம் பழக வந்த துமேன், வந்த வேகத்தில் உள்ளூர் மல்லர்களையெல்லாம் உருட்டிவிட்டு உச்சப் பிரிவுக்கு ஏறிவிட்டான். அங்கே மரபுப்படி எல்லோருக்கும் குடுமி. இவனுக்கோ முடி காதைக்கூடத் தொடவில்லை.

சங்கத் தலைவர் கொண்டோவுக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்குக் குடுமியோட மேடைக்கு வா. இல்லேன்னா உன் ஊரைப் பாத்துக் கிளம்பு!" என்று சபை நடுவே கத்தினார்.

துமேன் தலையைச் சொறிந்தான். "என் தலை எப்பவுமே மந்தம் ஐயா. உள்ளேயும் ஒண்ணும் வளரல, வெளியேயும் வளரல. தொப்பை மட்டுந்தான் சொன்ன பேச்சைக் கேட்டுது."

சபை சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார்.

"குடுமி வளரட்டும்னு காத்திருக்கத்தான் நினைச்சேன். உங்க பிள்ளைங்க எங்கே விட்டாங்க? தொடுறதுக்குள்ள விழுந்துடறாங்க. அவங்களைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க ஐயா, அதுக்குள்ள வளர்ந்துடும்."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் சபையோடு சேர்ந்து சிரித்துவிட்ட பிறகு அவனை விரட்டவும் முடியவில்லை. மறுநாள் அதே பரட்டைத் தலையோடு மேடையில் நின்றான் துமேன். எதிராளிதான் நிற்கவில்லை.