கம்பி தளராத அலை

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பிரகாசி, எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கையாலேயே அலைப்பிடி செய்து பொருத்துகிறவள். பிடியை அமுக்கினால் கம்பிகள் தளர்ந்து இறுகி, சுரம் அலைபோல ஆடும்.

பேர்பெற்ற கிட்டார்க்காரர் டெரன்ஸ் தன் குழுவோடு வந்தார்.

"சுரம் ஆடணும். ஆனா கம்பி தளரவே கூடாது. முடியலேன்னா இந்தப் பட்டறைக்கு ஒருத்தனையும் வர விடமாட்டேன்."

"சரிங்க சார். தொண்டையை அசைக்காம ஒரு கமகம் பாடிக் காட்டுங்க. அதே மாதிரி செஞ்சிடுறேன்."

டெரன்ஸ் பாடினார். குரல் கப்பல் சங்குபோல நேராகப் போனது. குழுவினர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

பிரகாசி தன் கிட்டாரை மீட்டி, பிடியை மெல்ல அமுக்கினாள். அந்தி நேரத் தண்ணீரில் தோணி அசைவதுபோல சுரம் தாழ்ந்து எழுந்தது. சிரித்தவர்கள்கூட கண்மூடி அதிலேயே மிதந்தார்கள்.

"கம்பி எவ்வளவு தளருது?" என்று தணிந்த குரலில் கேட்டார் டெரன்ஸ்.

"இப்போ நீங்க தணிஞ்சீங்களே, அவ்வளவுதான் சார்."